செதிலுக்கு அடியில் ரத்தக் குழாயை வளர்ப்பது யார்?

கேள்வி கோத்தகிரியிலிருந்து வந்திருக்கிறது. சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு 58 வயது, தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தவர். பதினைந்து வருஷமாகச் சோரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பைச் சுற்றி வெள்ளைச் செதில். செதிலை நகத்தால் எடுத்தால் அடியில் ஊசி குத்தியதுபோலப் பொட்டுப் பொட்டாக ரத்தம். கீழே கோவையில் தோலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்ததில் 'விரிந்து நெளிந்த தந்துகிகள்' என்று ரிப்போர்ட். டாக்டர் "உள்ளே ரத்தக் குழாய் நிறைய வளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்தக் குழாய்களை வளர்ப்பது எது? மலையில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் உடம்பு கூடுதலாகக் குழாய் போடுகிறதா, சமவெளிக்குக் குடிபோனால் சரியாகுமா? புற்றுநோய்க்கு ரத்தக் குழாயை அடக்கும் ஊசி இருக்கிறதே, அதை இதற்குப் போட்டால் என்ன?

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் தோல் டாக்டர் இல்லை. திசுவைக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜிக்காரன். இப்போது குன்னூரில் ஓய்வில் இருக்கிறேன். அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் அதே வரியை நானே எத்தனையோ முறை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை ஒரு வீட்டில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துப் பயப்படுவார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

விடையைச் சுருக்கமாக முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குழாயை வளர்ப்பது பெரும்பாலும் அம்மாவின் மேல்தோல் செல்களேதான். மலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஊசி வேண்டாம். ஏன் என்பதுதான் நீளம்.

ஸ்லைடிலிருந்து ஆரம்பிப்போம். மேல்தோலில் ரத்தக் குழாயே கிடையாது. அதற்குக் கீழே இருக்கும் அடித்தோல் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விரலுக்குள்ளும் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஒரு தந்துகி மேலே ஏறி, திரும்பி, கீழே இறங்கும். சோறும் தண்ணீரும் அங்கிருந்துதான் மேல்தோலுக்குக் கசிந்து போகும். சாதாரணத் தோலில் இந்த விரல்கள் குட்டையானவை, தந்துகியும் மெல்லியது, தேடித்தான் பார்க்க வேண்டும். சோரியாசிஸ் ஸ்லைடில் தேடவே வேண்டாம். விரல்கள் நீண்டு, நுனி பருத்து, உள்ளே தந்துகி பாம்புபோல நெளிந்து நெளிந்து நுனிவரை வந்து நிற்கும். குறுக்கே வெட்டுப்பட்ட இடங்களில் ஒரே விரலுக்குள் நான்கைந்து வட்டமாக, சிவப்பணு நிறைந்து தெரியும். அந்த நுனிக்கு மேலே மேல்தோல் இரண்டு மூன்று அடுக்குதான் இருக்கும். சுற்றுப்புறம் எல்லாம் தடித்துக் கிடக்க, குழாய்க்கு நேர் மேலே மட்டும் கூரை மெலிந்துபோயிருக்கும். செதிலைப் பிய்க்கும்போது அந்தக் கூரையும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஒவ்வொரு விரல் நுனிக்கும் ஒரு சொட்டு. நீங்கள் பார்த்த பொட்டு ரத்தம் அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவிலிருந்த ஹைன்ரிஷ் ஆஸ்பிட்ஸ் என்பவரின் பெயரால் அதை ஆஸ்பிட்ஸ் அடையாளம் என்கிறோம். அவருக்கு முன்பே பலர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பெயர் இவருக்கு ஒட்டிக்கொண்டது. எல்லா நோயாளிக்கும் இது வராது, இது வந்தால் சோரியாசிஸ்தான் என்றும் இல்லை. தயவுசெய்து வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

இன்னொரு விஷயம் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. 1970களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இர்வின் பிரேவர்மன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இந்தத் தந்துகிகளைப் பார்த்தார். விரலுக்குள் இருக்கும் தந்துகி வளைவு, சாதாரணத் தோலில் தமனிப் பக்கத்துச் சாயலில் இருக்கும். சோரியாசிஸில் அதுவே சிரைப் பக்கத்துச் சாயலுக்கு மாறி, சுவரில் சன்னல் சன்னலாகத் திறப்புகளோடு இருந்தது. வெறுமனே ரத்தம் கூடி உப்பிய குழாய் என்றால் அளவு மாறலாம், ஜாதி மாறாது. இங்கே குழாயின் ஜாதியே மாறியிருக்கிறது. வெள்ளை அணுக்கள் ரத்தத்தை விட்டுத் திசுவுக்குள் இறங்குவது பெரும்பாலும் சிரைப் பக்கத்துச் சுவர் வழியாகத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, யார் இதைச் செய்வது?

கட்டிகள் தமக்கு வேண்டிய ரத்தக் குழாயைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றன என்று 1971-ல் சொன்னவர் பாஸ்டனைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன். அப்போது பலர் அதை நம்பவில்லை. அவரே மறு ஆண்டு சோரியாசிஸிலும் இதே கதைதான் நடக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். கூப்பிடும் பொருள் எது என்று அப்போது யாருக்கும் கையில் சிக்கவில்லை.

சிக்கியது இரண்டு வாசல் வழியாக. 1983-ல் டொனால்டு செங்கரும் ஹெரால்டு டுவோராக்கும், கினிப் பன்றிக் கட்டியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். அது ரத்தக் குழாயைக் கசிய வைத்தது. ஹிஸ்டமினைவிடப் பல ஆயிரம் மடங்கு வீரியத்தோடு. 'குழாயை ஒழுக வைக்கும் காரணி' என்று பெயர் வைத்தார்கள். 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா, ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களை மட்டும் பெருகச் செய்யும் ஒரு புரதத்தைப் பிரித்து அதற்கு விஇஜிஎஃப் என்று பெயரிட்டார். பார்த்தால் இரண்டும் ஒரே புரதம். ஒரே ஆளுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் மாதிரி. எனக்கு இந்த இரட்டைப் பெயர் பிடிக்கும், ஏனென்றால் சோரியாசிஸில் அதன் இரண்டு வேலையும் தேவைப்படுகிறது. குழாயை வளர்ப்பதும் அதுதான், வளர்ந்த குழாயை ஒழுக விடுவதும் அதுதான். தடிப்பு சிவந்திருப்பது முதல் வேலையால், தொட்டால் உப்பிச் சூடாக இருப்பதில் இரண்டாவது வேலைக்கும் பங்கு உண்டு.

1994-ல் மைக்கேல் டெட்மாரும் டுவோராக்கும் அடங்கிய குழு சோரியாசிஸ் தோலில் இதைத் தேடியது. விஇஜிஎஃப் தயாரிப்பதற்கான உத்தரவு மேல்தோல் செல்களில் நிரம்பி வழிந்தது. அதைக் கேட்கும் காதுகள், அதாவது ஏற்பிகள், நேர் கீழே விரல்களுக்குள் இருக்கும் தந்துகிச் சுவரில் கூடுதலாக இருந்தன. மேலிருந்து கூப்பிடுகிறது, கீழே கேட்கிறது. மேல்தோல் செல்லை இப்படிக் கத்த வைப்பது எது என்று பார்த்தபோது கிடைத்த ஒன்று டிஜிஎஃப்-ஆல்ஃபா. அதுவும் சோரியாசிஸ் மேல்தோலிலேயே அதிகமாகச் சுரப்பது. அந்தச் செல்கள் வேகமாகப் பெருகுவதற்குக் காரணமானவற்றில் ஒன்று. 'பெருகு' என்ற அதே உத்தரவு, 'குழாயைக் கூப்பிடு' என்ற உத்தரவாகவும் வேலை செய்கிறது.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரணமாக மேல்தோல் செல் அடியில் பிறந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். சோரியாசிஸில் அதையே மூன்று முதல் ஐந்து நாளில் முடித்துவிடுகிறது. நம் ஊரில் ஒரு கேரட் தோட்டக்காரர் மூன்று மாதப் பயிரை இரண்டு வாரத்தில் எடுக்கப் பார்க்கிறார் என்று வையுங்கள். ஒரு ஓஸ் போதுமா? மோட்டாரும் குழாயும் கூட்டிக்கொண்டேதான் போக வேண்டும்.

ஆனால் குழாய் அப்பாவியா, தேவைக்கு வந்ததுதானா என்ற கேள்விக்கு 2003-ல் ஒரு எலி வேறு பதில் சொன்னது. அந்த எலிகளின் மேல்தோலில் விஇஜிஎஃப் கூடுதலாகச் சுரக்கும்படி மரபணுவை மாற்றியிருந்தார்கள். வேறு எதையும் தொடவில்லை. குழாய்கள் பெருகும் என்பது எதிர்பார்த்ததுதான். நாளாக ஆக அவற்றின் தோல் தடித்து, செதில் கட்டி, வெள்ளை அணுக்கள் குவிந்து, சோரியாசிஸ் போலவே ஆகிவிட்டது. விஇஜிஎஃபைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொறியைக் கொடுத்ததும் எல்லாம் திரும்பிச் சரியானது. எலித் தோல் மனிதத் தோல் இல்லை. எலிக்குத் தானாகச் சோரியாசிஸ் வருவதும் இல்லை. ஆனாலும் குழாய் வெறும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அந்தப் பொறிதான் பிற்பாடு அஃப்லிபர்செப்ட் என்ற பெயரில் கண்ணுக்குள் போடும் ஊசியாக வந்தது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்களுக்குப் போடுவார்கள், உங்கள் பக்கத்திலேயே யாராவது போட்டிருக்கலாம்.

விஇஜிஎஃப் மட்டும் தனியாக வந்து ஒன்றும் செய்துவிடாது. நன்றாக இருக்கும் தந்துகியைச் சுற்றிப் பெரிசைட் என்ற செல்கள் கட்டிப்பிடித்தபடி இருக்கும். ஓஸ் பைப்பைக் கிளாம்பு போட்டு இறுக்கி வைத்திருப்பதுபோல. ஆஞ்சியோபொய்ட்டின்-1 அந்தக் கிளாம்பை இறுக்கும் கை. ஆஞ்சியோபொய்ட்டின்-2 தளர்த்தும் கை. இரண்டும் போய் உட்காருவது டை-2 என்ற ஒரே ஏற்பியில்தான். கிளாம்பு தளர்ந்த குழாயில் விஇஜிஎஃப் வந்து சேர்ந்தால் கிளை விடும்; விஇஜிஎஃப் வராவிட்டால் அந்தக் குழாய் சுருங்கி மடிந்துவிடும். சோரியாசிஸ் தடிப்பில் இவை இரண்டும் டை-2-வும் கூடியிருப்பதை 2001-ல் ஜப்பானியக் குழு ஒன்று காட்டியது. குழாய்களைத் தேவைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டே இருக்கும் கட்டுமான வேலைதான் அங்கே ஓயாமல் நடக்கிறது. கூடவே அடித்தளச் சவ்வை அரித்து வழி விடும் புரோட்டியேஸ் நொதிகள் கிளம்புகின்றன. த்ரோம்போஸ்பாண்டின்-1 என்ற இயற்கையான பிரேக் சோரியாசிஸ் மேல்தோல் செல்களில் குறைந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதோடு பிரேக் வயரையும் அறுத்தாயிற்று.

இப்போது அழற்சிக்கு வருவோம், ஏனென்றால் மருந்தெல்லாம் அங்கேதான் இருக்கிறது. டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூக்கின்-23 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். அது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில் ஒருவகையை உசுப்பி வைக்கும். அவை இன்டர்லூக்கின்-17 சுரக்கும். அது மேல்தோல் செல்லைத் தட்டும். மேல்தோல் செல் இன்டர்லூக்கின்-8 சுரக்கும், விஇஜிஎஃபும் சுரக்கும். இன்டர்லூக்கின்-8 நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களைக் கூப்பிடுவது மட்டுமல்ல, தானே ரத்தக் குழாயையும் வளர்க்கும். ஸ்லைடில் செதிலுக்குள் குட்டிக் குட்டிக் குவியலாக நியூட்ரோபில்கள் தெரியும், அவை இந்தக் கூப்பாட்டுக்கு வந்தவைதான். டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் இன்னொரு பக்கம் தந்துகிச் சுவரின் உட்புறத்தில் ஈ-செலெக்டின், ஐகேம்-1 என்ற ஒட்டுப்பிடிகளை முளைக்கச் செய்கிறது. ரத்தத்தோடு ஓடும் டி செல் அந்தப் பிடியில் உரசி, வேகம் குறைந்து, ஒட்டிக்கொண்டு, சுவர் வழியாக இறங்கிவிடும். சிரைச் சாயலுக்கு மாறிய குழாயை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். வளர்ந்த குழாய் சோறு கொண்டுவருவதோடு, புதிதாகச் சண்டைக்காரர்களையும் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிடுகிறது. அவர்கள் இறங்கி இன்டர்லூக்கின்-17 சுரக்க, மேல்தோல் மறுபடி குழாயைக் கூப்பிட, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

செதிலைச் சுரண்ட வேண்டாம் என்றதும் இதனால்தான். காயம் பட்டாலே மேல்தோல் விஇஜிஎஃப் சுரக்கும். காயம் ஆற அது தேவை. சாதாரண ஆளுக்கு ஆறியதும் அடங்கிவிடும். சோரியாசிஸ் உள்ளவருக்கு அடங்காமல் அந்த இடத்திலேயே புதுத் தடிப்பு கிளம்பலாம். இதற்குக் கோப்னர் விளைவு என்று பெயர். அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இலை பறிக்கும்போது இடுப்பில் படங்கு இறுக்கிக் கட்டி வருஷக்கணக்கில் உராய்ந்த இடம் அதுதானா என்று கேட்டுப் பாருங்கள். நான் பந்தயம் கட்டுவதில்லை, ஆனால் கேட்டுப் பாருங்கள்.

மலை, ஆக்ஸிஜன். உங்கள் யோசனை முட்டாள்தனமானது இல்லை, பாதி சரி. ஆக்ஸிஜன் குறைந்தால் ஹிஃப் என்ற புரதம் செல்லுக்குள் தங்கி, விஇஜிஎஃப் மரபணுவைத் திறந்துவிடும். ஆக்ஸிஜன் இருக்கும்போது இதே ஹிஃபைச் செல் உடனுக்குடன் சிதைத்துத் தள்ளிவிடும். இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2019-ல் கேலின், ராட்கிளிஃப், செமன்ஸா மூவருக்கும் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். சோரியாசிஸ் மேல்தோலில் ஹிஃப் கூடியிருப்பதும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அந்தந்த இடத்துச் சமாச்சாரம். தடித்துப்போன மேல்தோலின் செல்கள் குழாயிலிருந்து தள்ளிப்போகின்றன, வேலையோ பல மடங்கு. போதாததற்கு அழற்சிச் சமிக்ஞைகள், ஆக்ஸிஜன் இருந்தாலும் ஹிஃபைக் கூட்டிவிடும். கோத்தகிரி 1800 மீட்டரையொட்டிய உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கேயே பிறந்து வளர்ந்து நுரையீரல் நன்றாக இருக்கும் ஒருவரின் ரத்தத்துக்கு அது பெரிய விஷயமே இல்லை. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். உயரம்தான் காரணம் என்றால் முழங்கையில் மட்டும் ஏன் வர வேண்டும்? முழங்கைக்கும் முன்கைக்கும் ஒரே காற்றுதான். சோரியாசிஸ் சென்னையிலும் இருக்கிறது, ராமநாதபுரத்திலும் இருக்கிறது. குடிபோக வேண்டாம்.

மலையில் வேறு இரண்டு விஷயம் உண்மையாகவே தொந்தரவு செய்யும். மார்கழி, தை உறைபனிக் காலத்தில் காற்று வறண்டு தோல் வெடிக்கும். கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்தால், கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் இன்னும் வறளும். மூடுபனியும் ஸ்வெட்டருமாக மாதக்கணக்கில் தோலில் வெயிலே படாமல் போகும். புறஊதாக் கதிர் இந்த டி செல்களை அடக்கும். ஆஸ்பத்திரியில் 311 நானோமீட்டர் விளக்கில் நிற்க வைப்பது அதற்குத்தான். நம் உயரத்தில் வெயில் அடிக்கும் நாளில் கீழே இருப்பதைவிடப் புறஊதா கூடுதல், அதனால் காலை வெயிலில் கொஞ்ச நேரம் போதும். எரியும்வரை நின்றால் அதுவே கோப்னருக்கு வழி. இரண்டாவது, தைலம். காளாஞ்சகப்படைக்கு (சித்த மருத்துவத்தில் சோரியாசிஸின் பெயர்) சித்த மருத்துவர் தரும் வெட்பாலைத் தைலம் வேறு, ரோட்டோரம் பாட்டிலில் விற்கும் யூகலிப்டஸ் தைலம் வேறு. 'தைலம் போட்டால் நல்லது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சளிக்குப் போடும் தைலத்தைத் தடிப்பின்மேல் தேய்த்து வெந்துபோய் வந்தவரை என் தெருவிலேயே பார்த்தேன். சொல் ஒன்றாக இருப்பதன் கொடுமை.

ஊசிக்கு வருவோம். விஇஜிஎஃபைத் தடுக்கும் பெவசிசுமாப் பெருங்குடல் புற்றுநோய்க்குப் போட்டபோது, அந்த நோயாளிக்கு இருந்த சோரியாசிஸும் மறைந்துபோனதாக மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. சுனிடினிப் என்ற புற்றுநோய் மாத்திரையிலும் அப்படி நடந்தது. ஆக, கொள்கை அளவில் உங்கள் யோசனை வேலை செய்கிறது. ஆனால் விஇஜிஎஃப் தோலுக்கு மட்டும் சொந்தமில்லை. சிறுநீரக வடிகட்டி, ரத்த அழுத்தம், காயம் ஆறுவது எல்லாம் அதை நம்பியிருக்கின்றன. உடம்பு முழுக்க அதை அடைத்தால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், ரத்தக் கசிவும் ரத்தக் கட்டியும் வரலாம், சில சமயம் குடலில் ஓட்டை விழும். புற்றுநோயில் உயிரைக் காக்க அந்த விலை கொடுக்கலாம். சோரியாசிஸுக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அதற்கு அனுமதி பெற்ற மருந்தும் அது இல்லை. சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஏற்கனவே இதயநோய் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கான தேவையும் இல்லை. கூப்பிடும் குரலை அடக்கினால் குழாய் தானாகச் சுருங்கிவிடுகிறது. மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின், டிஎன்எஃப் தடுப்பு ஊசி, இன்டர்லூக்கின்-17, 23 தடுப்பு ஊசிகள் எல்லாம் அழற்சி வட்டத்தை வேறு வேறு இடத்தில் வெட்டுகின்றன. எங்கே வெட்டினாலும் விஇஜிஎஃப் இறங்கிவிடும். மேலே பூசும் ஸ்டீராய்டு களிம்பு நேரடியாகவே தந்துகியைச் சுருக்கும். ஸ்டீராய்டு களிம்புகளின் வீரியத்தை, நல்ல தோலில் பூசி எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்து வரிசைப்படுத்தும் சோதனையை 1962-ல் மெக்கென்சியும் ஸ்டௌட்டனும் கொண்டுவந்தார்கள், இன்றும் அந்த அடிப்படைதான். இரண்டு நாளில் சிவப்பு வெளுத்ததும் 'ஆஹா' என்று மாதக்கணக்கில் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டைப் பூசிக்கொண்டே போகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். திடீரென்று நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும், தோலும் காகிதமாகிவிடும். குழாயை மட்டும் குறிவைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு: 595 நானோமீட்டர் மஞ்சள் லேசர், பெரும்பாலும் ரத்தத்தின் சிவப்பில் உறிஞ்சப்படுவது. சின்னத் தடிப்பில் பலன் தருகிறது. இடுப்பைச் சுற்றி இருப்பதற்கு அது ஆகாது.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒன்று. அம்மா என்ன மாத்திரை எடுக்கிறார் என்று எழுதவில்லை. அது இதுவாக இருந்தால், வாரம் ஒருநாள் மட்டும்தான். தினமும் அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மருந்துக் கடையில் கவரின்மேல் '1-0-0' என்று பழக்கதோஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்; பத்து நாள் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாத்திரை அட்டையில் கிழமையை நீங்களே பேனாவால் எழுதி வையுங்கள்.

பயாப்ஸிவரை போயும் யாரும் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். காலையில் எழுந்ததும் அம்மாவுக்கு விரல் மூட்டு இறுகிப்போய், மடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறதா? ஒரு விரல் முழுதும் வீங்கியிருக்கிறதா, நகத்தில் குண்டூசிக் குழிகள் உண்டா, குதிகாலில் வலியா? மலையில் எல்லாரும் 'குளிர்' என்று சொல்லி ஒதுக்கிவிடுவோம். சோரியாசிஸ் மூட்டுக்கும் போகும், அங்கேயும் இதே குழாய்க் கதைதான். மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்த்தவர்கள் கண்டது இது: முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வின் புதுக் குழாய்கள் நேராக ஓடும், சோரியாசிஸ் மூட்டில் புதர்போல நெளிந்து கிடக்கும், தோல் விரலுக்குள் நெளிவதைப்போலவே. விஇஜிஎஃபும் ஆஞ்சியோபொய்ட்டின்-2-வும் அங்கேயும் கூடுதல். தோல் எப்படியாவது தேறிவிடும். மூட்டு அரித்துவிட்டால் திரும்பாது. மூட்டு இருக்கிறது என்றால் மருந்துத் தேர்வே மாறும், அதனால்தான் கேட்கிறேன்.

மரபணுவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. சோரியாசிஸோடு மிக நெருங்கிய தொடர்புள்ள எச்எல்ஏ-சி மரபணு ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. விஇஜிஎஃப் மரபணுவும் அதே கையில்தான். விஇஜிஎஃப் மரபணுவின் சில வடிவங்கள் 40 வயதுக்கு முன் தொடங்கும் சோரியாசிஸோடு சேர்ந்து வருவதாகச் சில ஆய்வுகள் உண்டு. அம்மாவுக்கு 43-ல் தொடங்கியிருக்கிறது, அந்தக் கணக்கில் வரமாட்டார். இதற்கென்று டெஸ்ட் எடுக்கச் சொன்னால் பணத்தை வீணாக்காதீர்கள்.

கடைசியாக, சிகிச்சை எடுத்துச் செதில் போன பிறகும் அந்த இடம் ரோஸ் நிறமாகவே இருக்கும், மாநிறத் தோலில் கருத்தும் தெரியும். மருந்து கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். செதில் முதலில் போகும், நெளிந்த குழாய்கள் மெதுவாகத்தான் அடங்கும். டெர்மாஸ்கோப் என்ற கையடக்க லென்ஸை வைத்துப் பார்த்தால் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு தந்துகியின் தலை. அம்மாவின் முழங்கையில் அதை உங்களுக்கும் காட்டச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், ஒரு நிமிஷ வேலை. எல்லாம் வெளுத்துச் சரியான பிறகும் சில டி செல்கள் அந்த இடத்துத் தோலிலேயே குடியிருக்கும், அதனால்தான் திரும்ப வந்தால் பெரும்பாலும் பழைய இடத்திலேயே வருகிறது. மருந்தை எப்போது குறைப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அடுத்த முறை கீழே இறங்கும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டோடு, மூட்டு பற்றி நான் கேட்டவற்றுக்கு அம்மா சொல்லும் பதிலையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.